ஆர்மீனியாவுக்குப் பரஸ்தானம்

வாசலில் கார் நிற்கிறது, சென்னையில் விமானம் காத்திருக்கிறது, கையில் பாஸ்போர்ட் இல்லை. டிராவல்ஸ் தொழிலில் இதைவிடப் பெரிய சங்கடம் வேறில்லை. காரைக்கால் பக்கத்து விழிதியூரில் அது எனக்கு நேர்ந்தது.

காரைக்காலில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பாரிஸுக்கோ வளைகுடாவுக்கோதான் டிக்கெட் கேட்பார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை வசந்தா டீச்சர் ஆர்மீனியா கேட்டார்.

“மலைநாடுங்க. அந்தக் காலத்துக் கோட்டை, கல்லுல கட்டுன மடம், எல்லாம் பாடத்துல சொன்னதோட சரி. கண்ணு தெரியும்போதே பாத்துடணும்.”

கண்ணழுத்த நோய். பார்வை ஓரங்களில் குறைந்துகொண்டே வந்தது. கூட வந்த கணவர் நடேசன், நெல் விவசாயி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மலை பாக்கணும்னா கொல்லிமலை ஆகாதாக்கும்!” ஆனாலும் துணைக்குப் போகச் சம்மதித்தார்.

கோடையில், அங்கிருந்து தெரியும் பெரிய பனிமலையான அராரத் புழுதிமூட்டத்தில் மறைந்துவிடும். அதனால் செப்டம்பர் கடைசியில் தேதி போட்டேன். அது அஷ்டமியாய்ப் போயிற்று. எங்கள் பக்கத்தில் அதற்கு வழி உண்டு, பரஸ்தானம். முன்னதாகவே நல்ல நேரத்தில் பெட்டியை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. இவர்கள் பக்கத்திலேயே இருந்த நடேசனுடைய தம்பி வீட்டில் வைத்தார்கள்.

புறப்படும் நாளில் வழியனுப்ப விழிதியூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பி குடும்பம் ஒரு சாவுக்கு ஓடியிருந்தது. வீடு பூட்டு, போனை எடுக்க ஆளில்லை.

“பெட்டி கெடக்கட்டும், பாஸ்போர்ட் எங்க டீச்சர்?”

“பெட்டிக்குள்ளதாங்க. முக்கியமானதாச்சே, அதுவும் நல்ல நேரத்துல கெளம்பட்டுமேன்னு வச்சேன்.”

அட கடவுளே! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். “விடுங்க, எனக்குக் கொடுப்பினை இல்ல.”

நடேசன் மனைவியைப் பார்த்தார். விடுவிடுவென்று கொல்லைக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

“ஐயா, தம்பி வீட்டுப் பூட்டுங்க! வந்து கேட்டா?”

“கேக்கட்டும். பூட்டு கடைத்தெருவுல கெடைக்கும். இவ கண்ணு எங்கப்பா கெடைக்கும்?”

ஒரே நெம்பு. விமானத்தைப் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்: பரஸ்தானத்துக்குப் புடவை, வேட்டி வையுங்கள், பாஸ்போர்ட் அஷ்டமியிலேயே கிளம்பட்டும்.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள் நடேசன் அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, இன்னிக்குத்தான் மலை சுத்தமாத் தெரியுது. அவ நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குறா. டிக்கெட்ட ஒரு நாள் தள்ளிப் போடேன்.”

தள்ளிப் போட்டேன். இப்போதெல்லாம் யாருக்குப் பயணத்திட்டம் எழுதினாலும், ஒரு நாளை மட்டும் வெறுமனே விட்டுவிடுகிறேன். எதைப் பார்க்கப் போனார்களோ, அதன் எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.