றோசலின் அக்கா கண்ட ஊர்

றோசலின் அக்காவின் மகள் ஜெசிந்தா தொலைபேசியில் "அன்ரி, அம்மா எங்களை விட்டுப் போட்டா" என்று சொன்னபோது நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "எப்ப பிள்ளை?" என்று கேட்டேன். "விடிய. நித்திரையிலேயே" என்றாள். அப்போது என் நெஞ்சில் முதலில் வந்தது அழுகை அல்ல. அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று எனக்குத் தெரியும் என்பதை இனி அவரிடம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்ற ஆறுதல்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஜெசிந்தா கேட்டபோது, எழுதினால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழைகளை ஜெசிந்தா திருத்தட்டும். எழுதியதில் ஒன்றையும் அவள் குறைக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் மாதர் சங்கத்துக் கொட்டிலில் சனிக்கிழமை காலையில் மா வறுப்பதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அடுப்படியில் இருப்பவருக்குப் புகை. அவர் வாய் திறக்க ஏலாது. அதனால் அரிதட்டுப் பிடித்து மாவைச் சலிப்பவர் கதை சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். பல வருடங்களாக அந்த இடம் என்னுடையது. என் பேரப்பிள்ளைகளின் படிப்பையும் பட்டத்தையும் சொல்லிச் சொல்லி மூட்டை மூட்டையாக மா அரித்திருக்கிறேன். இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பதினொரு வருடம் இருந்துவிட்டு றோசலின் அக்கா திரும்பி வந்த பிறகு, "அக்கா, நீங்கள் அரியுங்கோவன்" என்று எல்லாரும் அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். முகத்தில் சிரிப்போடுதான் கொடுத்தேன்.

அவர் இருந்த ஊரின் பெயர் ஓர்வியேத்தோ. "எங்கடை கோணேசர் மலையைக் கடலிலை இருந்து தூக்கி வயல்வெளிக்கு நடுவிலை வைச்சால் எப்பிடி இருக்கும்? அப்பிடி ஒரு கல்லு. ஆனால் அதைவிடப் பெரிசு. சுத்திவரச் செங்குத்து. ஊர் முழுக்க அந்தக் கல்லுக்கு மேலை" என்பார். கல்லின் வயிற்றுக்குள் வீட்டுக்கு வீடு குகை இருக்கிறதாம். குகைச் சுவரில் சின்னச் சின்னப் பொந்துகள், புறா வளர்ப்பதற்கு. எதிரி வந்து ஊரை வளைத்துக்கொண்டால் ஆட்கள் வெளியே போக ஏலாது, புறா போகும். அது வெளியே போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வரும், இவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்களாம். "புறாவுக்குச் சண்டை தெரியாது பாருங்கோ" என்று அக்கா சொன்னபோது கொட்டில் முழுக்கச் சிரித்தது.

பாப்பரசர் ஒருவர் அங்கே தஞ்சம் புகுந்த கதையை அவர் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய காலத்தில் றோமில் பெரிய சண்டை நடந்ததாம். ஊரே சூறையாடப்பட்டதாம். பாப்பரசர் வியாபாரியைப் போல வேடம் போட்டுக்கொண்டு தப்பி வந்து அந்த மலையில் ஏறினாராம். "ஏறின உடனை அவர் யோசிச்சது சாப்பாட்டை இல்லை, தண்ணியை. இஞ்சையும் வந்து வளைச்சால் தண்ணிக்கு என்ன செய்யிறது எண்டு" என்றார் அக்கா. சண்டைக் காலத்தில் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த யோகம், மிளகாய்க் காம்பு உடைப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஓமக்கா, நாங்களும் வெருகல் ஆறு தாண்டினாப் பிறகு முதல் தேடினது தண்ணியைத்தான்" என்றாள். மற்றவர்களும் கைவேலையை விட்டுவிட்டு அக்காவுக்குக் கிட்ட நகர்ந்தார்கள். என் பேரப்பிள்ளைகளின் கதைக்கு அந்தக் கொட்டிலில் ஒருநாளும் ஒருவரும் அப்படிக் கைவேலையை விட்டதில்லை. அது என்னைக் குத்தியது.

பாப்பரசர் வெட்டுவித்த கிணற்றைப் பற்றி அதே நாளில்தான் அவர் சொன்னார். கல்லைக் குடைந்து ஆழமாக இறங்கும் கிணறு. அதைச் சுற்றிச் சுற்றிப் படி. கழுதைகள் படியால் இறங்கிப் போய்த் தண்ணீர் சுமந்துகொண்டு மேலே வருமாம். என் வாய் நிற்கவில்லை.

"என்ன கதை இது அக்கா! கிணத்துக்குள்ளை கழுதை இறங்கினால் அந்தத் தண்ணியை ஆர் குடிக்கிறது? இறங்கிற கழுதையும் ஏறுற கழுதையும் நடுவிலை முட்டுப்பட்டால் எது வழி விடுறது?"

"அதுக்குத்தான் பரமேசு, ரெண்டு படி கட்டியிருக்கு. ஒண்டு இறங்க, ஒண்டு ஏற. சன்னலுகள் இருக்கு. அதாலை ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலாம், முட்டுப்பட மாட்டினம்."

"ஒரு கிணத்துக்கு ரெண்டு படியோ? எங்கடை கன்னியா வெந்நீர் ஊத்திலை ஏழு கிணறு இருக்கு. ஒண்டுக்கும் ஒரு படியும் இல்லை!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கோபப்படாமல் எழும்பிப் போய், மாப் பை கட்டுகிற நாடாவில் இரண்டு துண்டு எடுத்துவந்தார். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. உலக்கையில் இரண்டையும் ஒன்றின் இடையில் ஒன்றாகச் சுற்றிக் காட்டினார். "பாருங்கோ, ரெண்டும் ஒரே உலக்கையைத்தான் சுத்துது. எங்கையாவது முட்டுதோ?" யோகம் கிட்ட வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஓம் என்ன!" என்றாள். எனக்கும் அந்தக் கணமே விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் அடுத்ததைச் சொன்னேன்.

"அக்கா, நீங்கள் அங்கை போனது கிழவியைக் கழுவித் துடைக்க. ஊர் பார்க்க இல்லை. நாலு சுவருக்குள்ளை இருந்துபோட்டு, ஆரோ சொன்னதையெல்லாம் கண்டமாதிரி எங்களுக்குச் சொல்லாதேங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா உலக்கையில் இருந்த நாடாக்களைக் கழற்றி மடித்து வைத்தார். "சரி பரமேசு" என்றார். அடுத்த சனிக்கிழமை வந்தவர் நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் அங்கே கதை சொன்னதில்லை. "கழுதைக் கிணத்து அக்கா" என்று நீங்கள் அவரைப் பின்னால் சொல்லிச் சிரித்தீர்களே, அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். இன்றைக்கும் சிலருடைய பிள்ளைகள் அதைச் சொல்கிறார்கள். இனி வேண்டாம்.

அடுத்த மாரியில் நான் கிணற்றடியில் சறுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டேன். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தபோது, ஒருவரும் கேட்காமலே றோசலின் அக்கா வந்தார். கட்டு வெட்டும்வரை ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து எனக்குக் குளிக்க வார்த்தார். முதல் நாள் நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "இஞ்சை திரும்பு. கழுவேக்கை ஆளின்ரை முகத்தைப் பார்த்துக் கதைக்கவேணும். இல்லாட்டி அவை தங்களைச் சாமான் எண்டு நினைச்சுப்போடுவினம்" என்றார். எதற்காக அவரைக் கேவலப்படுத்தினேனோ, அந்த வேலையின் நேர்த்தியை என் உடம்பு அப்படித்தான் அறிந்துகொண்டது.

அந்த நாட்களில் ஒருநாள், கேட்க யாரும் இல்லாத இடத்தில், "அந்த ஊர்க் கோயில் எப்பிடி அக்கா?" என்று நானே கேட்டேன். அவர் என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். ஒரு வரிசை வெள்ளைக் கல், ஒரு வரிசை கறுப்புக் கல் என்று மாறி மாறி அடுக்கிய சுவர். முன்பக்கம் முழுக்கப் பொன் பதித்த படங்கள். அடியில் ஆதாமையும் ஏவாளையும் செதுக்கிய கல். அவர் பார்த்துக்கொண்ட கிழவியை நோன்னா என்று கூப்பிடுவாராம். அந்த நாட்டில் அம்மம்மாவுக்கு அப்படித்தான் பெயர். வியாழக்கிழமைப் பின்னேரம் அவருக்கு லீவு. அவரைப் போல வேலைக்கு வந்த மற்றப் பெண்கள் தெருவோர வாங்கில் உட்கார்ந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்களாம். இவர் வியாழனுக்கு ஓர் இடமாக ஊரைச் சுற்றிப் பார்த்தார். "நாலு சுவர்தான் பரமேசு, நீ சொன்னது சரி. ஆனால் வியாழக்கிழமை இருந்தது" என்றார். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "துவாயைத் தாங்கோ அக்கா" என்றேன்.

சுவிசில் இருக்கும் என் பேத்தி தாரணி, விடுமுறைக்குக் காரில் இத்தாலிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நான்தான் அவளுக்கு ஊரின் பெயரைச் சொல்லி, கிணற்றையும் சொல்லி, போய்ப் பார் என்றேன். ஏன் சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நாடா உலக்கையைச் சுற்றியதைக் கண்ட பிறகும், குளிக்க வார்த்த கையை அறிந்த பிறகும், அங்கே அப்படி ஒரு கிணறு இல்லை என்று ஒரு சொல் வராதா என்று என் மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. வந்தால், அன்றைக்கு நான் பேசியது பிழை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

மாசி மாதம் வட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. தாரணி படியில் இறங்கிக்கொண்டே பேசுகிறாள். வளைந்து வளைந்து போகும் அகலப் படி. பக்கத்தில் சன்னல்கள். ஒரு சன்னலால் எதிர்ப்பக்கம் பார்த்துக் கை காட்டுகிறாள். அங்கே, மற்றப் படியால் ஏறிக்கொண்டிருக்கும் அவளுடைய தம்பி திரும்பிக் கை காட்டுகிறான். "அம்மம்மா, அந்த அன்ரி சொன்னது அப்பிடியே இருக்கு! கழுதைக்காகத்தானாம் இவ்வளவு பதிஞ்ச படி! அவவுக்குக் காட்டுங்கோ!" என்கிறாள். பார்த்து முடித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த கிழமை தாரணி, "காட்டினீங்களோ? என்ன சொன்னவா?" என்று கேட்டாள். "ஓம், சந்தோசப்பட்டவா" என்று பேத்திக்கும் பொய் சொன்னேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு மீன் சந்தையடியில் றோசலின் அக்காவைக் கண்டேன்.

"பரமேசு, தாரணியாக்கள் இத்தாலிக்குப் போய் வந்தவையாம்?"

"ஓமக்கா."

"ஓர்வியேத்தோவுக்குப் போனவையோ?"

என் கையில் சூடை மீன் பை. சுற்றிவர எங்கள் கொட்டில் பெண்கள் இரண்டு மூன்று பேர். "இல்லையக்கா. அந்தப் பக்கம் போகேல்லையாம்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "போயிருந்தால் நல்லது. ஆரும் ஒராள் கண்டிருந்தால் போதும்" என்றார். பிறகு மீன்காரரிடம் திரும்பி விலை கேட்டார். அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை அதுதான்.

செத்தவீட்டுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, யாரோ பாசத்தோடுதான், "எங்கடை கழுதைக் கிணத்து அக்காவும் போட்டா" என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்குப் பொறுக்க ஏலவில்லை. தொலைபேசியை எடுத்து வீடியோவைப் போட்டு எல்லாருக்கும் காட்டினேன். தலைகள் கூடின. யோகம்தான் கேட்டாள்.

"இது எப்ப வந்தது மாமி?"

"மாசியிலை."

"மாசியிலையோ?" என்றாள். மிளகாய்த் தட்டை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி இருந்தாள்.

நேரே ஜெசிந்தாவிடம் போனேன். மலருக்கு எழுத எனக்குத் தகுதி இல்லை, காரணம் இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என்னை இருக்கச் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியும் அன்ரி. தாரணி பேஸ்புக்கிலை போட்டவா. நான்தான் அம்மாவுக்குக் காட்டினனான். திருப்பித் திருப்பிப் பார்த்தவா."

"எப்ப?"

"சந்தையிலை உங்களைக் கண்டதுக்கு முதல் நாள்."

"அப்ப ஏன் பிள்ளை என்னட்டைக் கேட்டவா?"

"உங்கடை வாயாலை கேக்க ஆசைப்பட்டிருப்பா."

"வீட்டை வந்து என்ன சொன்னவா?"

ஜெசிந்தா கொஞ்சம் தயங்கினாள். "உங்களைப் பற்றி ஒண்டுதான் சொன்னவா. 'பரமேசு மீன் பையை இடக்கையாலை காவிக்கொண்டு போறாள், கை இன்னும் நோகுதுபோலை' எண்டு."

திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இந்த மலரை வாசிக்கிற உங்களில் பலர் அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள். உங்களில் குற்றம் இல்லை. நான் சிரிப்பு மூட்டினேன், நீங்கள் சிரித்தீர்கள். அந்த ஊர் இருக்கிறது. கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுக்கு இரண்டு படி இருக்கிறது. அவர் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஊர்தான். நான் கண்டியைத் தாண்டி எங்கும் போகாதவள். ஆனால் அந்தப் புறாப் பொந்துகளையும், கறுப்பும் வெள்ளையுமான சுவரையும், பின்னேர வெயிலில் பொன்னாகும் கோயில் முகப்பையும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். இனி என் பேரப்பிள்ளைகளின் பெருமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கேட்கிறவர்களுக்கு அதைச் சொல்வேன். நீங்கள் போய்க் கண்டனீங்களோ என்று யாராவது கேட்பார்கள்.

நான் காணவில்லை. றோசலின் அக்கா கண்டவா.