ஓரம் வெட்டிய தாள்

என் மகள் பொய் சொன்னால் நான் என் விரல்களை மோந்து பார்ப்பேன். நேற்று டம்ளரை உடைத்துவிட்டுப் பழியைப் பூனைமேல் போட்டாள். அதற்கே மோந்து பார்த்தேன்.

நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பா செடி சேகரிப்பவர். இந்தத் துணைக்கண்டத்தில் தானாக முளைக்கும் செடிகளை எல்லாம் பட்டியலிடும் ஒரு பெரிய வேலையில் தற்காலிக ஊழியர். பறித்த செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, பலகையும் செங்கல்லும் ஏற்றி, சேலையூர் வீட்டு முன்னறையில் உலர்த்துவார். எங்கே எடுத்தது என்பதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் விரல் நீளச் செடி ஒன்று அகப்பட்டது. அவரிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. திங்கட்கிழமை மேலதிகாரி வந்து பார்ப்பார், வேலை நிரந்தரமாகிவிடும் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிப்பது அபூர்வம்.

அந்தச் செடி இருந்த தாளில் ஒரு கிரிக்கெட் வீரரின் படம். ஞாயிறு மதியம் அப்பா வெளியே போனதும் செடியை வேறு தாளுக்கு மாற்றினேன். படத்தை ஓரத்தோடு வெட்டி ஆல்பத்தில் ஒட்டினேன். பின்பக்கம் இருந்த பென்சில் எழுத்து பசைக்குள் போனது.

அம்மா வந்து கத்தரிக்கோலையும் என் கையையும் பார்த்தாள். "இன்னாடா இது பிசுபிசுன்னு? வா, அப்பா வர நேரமாச்சு" என்று அவளே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

மாலையில் அப்பா கேட்டார். "இதோட தாள் எங்க?"

"நான்தாங்க மாத்தினேன். கிழிஞ்சிருந்துச்சு. வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா போய் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தார்.

"எடுத்த ஊர் பள்ளிக்கரணைன்னு போட்டுடுங்க மச்சான், எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார் அன்று வீட்டுக்கு வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி.

"அந்த வாரம் மூணு ஏரி சுத்தினேன்டா. எங்க எடுத்ததுன்னு தெரியாம எழுதினா அது செடி இல்ல, வைக்கோல்."

என் ஆல்பத்தில் அந்த எழுத்து பத்திரமாக இருந்தது. படத்தை நனைத்து உரித்தால் போதும். நான் ஆல்பத்தைப் பாடப்புத்தகங்களுக்கு அடியில் தள்ளினேன்.

திங்கட்கிழமை வந்த அதிகாரி, செடி எடுத்த ஊரைக் கேட்டார். அப்பா தெரியாது என்றார். அந்த வருடத்தோடு வேலை போனது. பிறகு ஞாயிறுதோறும் மூன்று ஏரிக்கரைகளிலும் அதே செடியைத் தேடினார். அதற்குள் ஏரிகளை மூட லாரிகள் மண் கொட்டத் தொடங்கியிருந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவைக் காட்டி, "என் வேலைய எரிச்சு வெந்நீர் வெச்சவ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள்.

எரிக்காத தாளை எரித்ததாக நினைத்துக்கொள்கிறாளே, அம்மாவுக்கு எவ்வளவு மறதி என்று அந்த ஞாயிறு இரவு எனக்கு ஒரே சந்தோஷம். விரல்களை மோந்து பார்த்தேன். பசை வாசனையே இல்லை. சோப்பு வாசனைதான்.