குகன் அண்ணையின் மஞ்சள்

குகன் அண்ணை பொய் சொல்கிறார். நாலு பேர் முன்னால், சிரித்துக்கொண்டே பொய் சொல்கிறார்.

அந்தப் பொய்யைத் தொடக்கி வைத்த கள்ளன் நான். அவருடைய மஞ்சளைக் களவெடுத்து மூன்று வருடமாக என் பெயரில் வைத்திருக்கிறேன்.

சிரிக்காதீர்கள்! ஒரு நிறத்தைத் திருட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும்.

பாரிசில், லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் நான் வேலை செய்கிறேன். இரண்டு கதவு தள்ளி உள்ள சாப்பாட்டுக் கடையில் குகன் அண்ணை சமையல். திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு. சிவாவோடும் இன்னும் இரண்டு பேரோடும் வான் வண்டியில் ஏறி மார்ன் ஆற்றுக்குப் போவோம். ஆளுக்கொரு கயாக் படகு. பாஸ் மீன் பிடிப்போம், படம் எடுப்போம், திரும்ப ஆற்றில் விடுவோம்.

உயிர் இரை போடுவதில்லை. ரப்பர் புழுதான். தண்ணீர் தெளிவாக இருந்தால் ஆற்று நண்டின் நிறத்தில் ஒரு மண்ணிறப் புழுவைக் கட்டினால் போதும். மழைக்குப் பிறகு ஆறு கலங்கிவிடும். அப்போது மண்ணிறம் மீனின் கண்ணில் படாது.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு கலங்கிய நாள். காலை முழுக்க ஒருவருக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. குகன் அண்ணை தன் கயாக்கை என் பக்கத்தில் ஒட்டி, ஒரு சின்னப் போத்தலை நீட்டினார். வெள்ளை ரப்பர் புழுக்களை மஞ்சள் தூளும் எண்ணெயும் கலந்து ஊறப் போட்டிருந்தார். புழுவெல்லாம் பளிச்சென்று மஞ்சள்.

"போட்டுப் பார் தம்பி. சட்டையிலை பட்டாலே போகாத சாமான், தண்ணியிலையா போகப்போகுது?"

மூன்றாவது வீச்சில் தூண்டில் தடி வளைந்தது. என் கை அளவு நீளப் பாஸ்! கயாக்கையே இழுத்தது. மற்றவர்கள் துடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"எடேய் ரஞ்சன், உது என்ன நிறம்? எங்கை வாங்கினனி?" என்றான் சிவா.

"வாங்கேல்லை. நான் செய்தது."

ஏன் சொன்னேன்...? இன்றுவரை தெரியவில்லை. குகன் அண்ணை பத்தடி தூரத்தில் இருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. போத்தலை மூடிக் காலடியில் வைத்தார். அவ்வளவுதான்.

அன்றே சிவா அதற்கு 'ரஞ்சன் மஞ்சள்' என்று பெயர் வைத்தான். ஆறு கலங்கினால் எல்லோரும் அதையே கட்டினோம். எனக்கு இனித்தது. இப்போதும் இனிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை ஆற்றில் இருக்கும்போது என்னைவிடச் சந்தோஷமான மனிதன் பாரிசில் இல்லை. திருடிய பொருளோடு இவ்வளவு நிம்மதியாக இருக்கலாமா? நான் இருக்கிறேன்.

போன மாதம் குகன் அண்ணையின் மகள் எங்களோடு ஆற்றுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சிவா வழக்கமான பகிடியை விட்டான்: "அண்ணை, நீங்கள் மஞ்சளைக் கறிக்கே போடுங்கோ. ஆத்து வேலையை ரஞ்சனிட்டை விடுங்கோ!"

அவள் சிரிக்கவில்லை. தகப்பனிடம் பிரெஞ்சில் கேட்டாள்: நாள் முழுக்க மஞ்சளோடுதானே நிற்கிறீர்கள், புழுவை மஞ்சளில் போட உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

"அந்த அளவு மூளை அப்பாவுக்கு இல்லை, பிள்ளை" என்றார்.

அவள் தகப்பனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இரக்கம்! தன் மூளையால் ஐந்து பேருக்கு மீன் காட்டிய மனிதனைப் பார்த்து இரக்கம்!

எனக்குப் பொறுக்கவில்லை. "அது என்ரை இல்லை, அண்ணைதான் செய்தவர்" என்று கத்தினேன்.

"பார், தன்னடக்கத்தை!" என்றான் சிவா.

எல்லோரும் குகன் அண்ணையைப் பார்த்தார்கள். "சும்மா சொல்லுறான். அது அவன்ரைதான்" என்றார் அவர்.

பிறகு தனியாகப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "விடு தம்பி, மீன் வந்ததெல்லே" என்றார்.

இது பெருந்தன்மையா? தண்டனையா? என் வாயை அடைத்துவிட்டார் என்பது மட்டும் தெரிகிறது. உண்மையைச் சொன்னாலும் நல்ல பெயர் எனக்கே வருகிறது...

குகன் அண்ணை, மன்னிப்பு வேண்டாம். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை உங்கள் மகள் மறுபடி வருகிறாள். வானில் ஏறுவதற்கு முன், கடை வாசலில் எல்லோரும் நிற்கும்போது கேட்பேன். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: அந்த வெள்ளைப் புழுவை முதலில் மஞ்சளில் போட்டது யார்?