அக்காவின் இடது பக்கம்

வியர்வையில் ஊறிய குத்துச்சண்டைக் கையுறையின் புளித்த வாடைதான் என் பள்ளிப் பருவத்தின் வாடை. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், செராமிக் சூளையில் வேலை பார்த்த அப்பா கொண்டுவந்து போட்டிருந்த விளிம்பு உடைந்த ஜாடிகளின் மேல், கலைச்செல்வி அக்கா தன் கையுறைகளைக் கவிழ்த்து வெயிலில் காயவைப்பாள்.

அக்காவுக்கு அடிப்பதைவிட அடி படாமல் இருப்பதுதான் பிடிக்கும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முழங்கைகளால் விலாவை மறைத்து, இரு கைகளையும் கன்னத்துக்கு அணையாக நிறுத்திக்கொள்வாள். குத்து வரும்போது தலையை ஒரு விரற்கடை சாய்ப்பாள், அவ்வளவுதான், எதிரியின் கை காற்றைக் குத்திவிட்டுத் திரும்பும். நான் தலையணையால் எத்தனை முறை வீசியும் அவள் முகத்தைத் தொட்டதில்லை. "பாயிண்டு இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். மூஞ்சியும் மூளையும் ஒனக்கு ஒண்ணொண்ணுதான் இருக்குது" என்று அவளுடைய பி.டி. டீச்சர் சொல்வார்.

ஆனால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது "ஓட்டம்". சேத்தியாத்தோப்பில் நடந்த ஒரு போட்டியில் அவள் விலகி விலகியே ஜெயித்தபோது, "பயந்தாங்கொள்ளி" என்று கூட்டத்தில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, "அடுத்த வாட்டி நின்னு அடிம்மா. அவங்க சிரிக்கிறத என்னால கேக்க முடியல" என்றார்.

அப்பாவுக்காக அக்கா நின்றாள். அடுத்த போட்டியில் கைகளைத் தாழ்த்தி, வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. வீங்கிய முகத்தோடு இறங்கியவளை அப்பா அப்படியே தூக்கிக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சில நாளிலேயே இடது கண்ணில் கொசு பறப்பதுபோல் இருக்கிறதென்று என்னிடம் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லிடாதடி, பயந்துடுவாரு" என்றாள். நான் அம்மாவிடம் சொன்னேன். வெயில் சூடு என்று அம்மா விளக்கெண்ணெய் வைத்தாள். ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குகிறது என்று அக்கா அழுதபிறகுதான் புதுச்சேரிக்குப் போனோம். விழித்திரை கிழிந்து விலகிவிட்டது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

அதன்பின் சாகும்வரை, தெருவில் அவளோடு போகும்போதெல்லாம் அப்பா அவளுடைய இடது பக்கமாகவே நடந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, அக்காவும் எதிர்பார்க்கவில்லை. "அன்னிக்கு அவரு எவ்ளோ சந்தோஷமா இருந்தாரு, பாத்தல்ல?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

அக்கா இப்போது கருவேப்பிலங்குறிச்சியில் குடும்பத்தோடு இருக்கிறாள். பொங்கலுக்குப் போயிருந்தபோது, முற்றத்தில் விளையாடிய அவளுடைய சின்ன மகள் இடது பக்கத்திலிருந்து ரப்பர் பந்தை வீசினாள். மெதுவாகத்தான் வந்தது. அது கன்னத்தில் பட்டபிறகுதான் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"வந்ததே தெரியலடி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை, அம்மா வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து, கைதட்டிக் குதித்தது.