குறுக்குப் பலகை

அந்தப் படகின் பின்பாதியில் குறுக்கே ஒரு பலகை இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். என் சித்தப்பாவின் மகன்கள் இருவரும் எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்தார்கள். இருவருக்கும் நான் அண்ணன். பெரியவன் வலை விடுவான். இளையவன் படகு தள்ளுவான். ஏரியில் ஆழம் குறைவு; நின்றபடி மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளினால்தான் படகு போகும். இளையவனுக்குச் சிறு வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பியிருந்தது.

அதுவரை வாடகைப் படகுதான். சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்தபோது என்னையும் வரச் சொன்னார்கள். நாலு இடம் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஒரு ஞாயிறு காலை, அதே வாடகைப் படகில் மூவரும் புறப்பட்டோம். படகு கட்டும் மேஸ்திரியின் இடம் ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் முன்னால் உட்கார்ந்து இளையவனைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தப் படகிலும் குறுக்கே ஒரு பலகை உண்டு. இடது முழங்காலை அதில் அழுத்தி முட்டுக் கொடுத்து, வலது காலில் நின்று, கழியின் மேல் உடம்பைச் சாய்த்துத் தள்ளினான். பலகையில் முழங்கால் படும் இடத்தில் மட்டும் தார் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. பார்த்ததை மனத்தில் குறித்துக்கொள்வது என் தொழில். இதையும் குறித்துக்கொண்டேன்.

மேஸ்திரியிடம் இரண்டு படகுகள் விற்பனைக்கு இருந்தன. ஒன்றுக்கு முன்பக்கம் பலகை வேய்ந்து மூடியிருந்தது. மற்றது முழுக்கத் திறந்தது: தட்டையான அடி, தாழ்ந்த பக்கங்கள், கழி வைக்க ஓரத்தில் ஒரு கொக்கி, பின்னால் அந்தக் குறுக்குப் பலகை. மூடியதைப் பெரியவன் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

“உள்ள இன்னா வெக்கறது, நகையா? தொறந்ததே போதும்” என்றான்.

மேஸ்திரி சிரித்தார். “பலகை இருக்கணுமா நைனா? அது சும்மா உக்காரத்தான். எடுத்தாலும் படகுக்கு ஒண்ணும் ஆவாது.”

பெரியவன் என் பக்கம் திரும்பினான். “நீ இன்னாணா சொல்ற?”

நான் படகுக்குள் இறங்கி முழம் போட்டு அளந்தேன். பலகை இல்லாவிட்டால் வலையை முனையிலிருந்து முனைவரை நேராகப் போடலாம், எங்கும் சிக்காது, இரண்டு வரிசை கூடை வைக்கலாம் என்றேன். சுருக்கமாக, தெளிவாகச் சொன்னேன். அங்கே நின்றிருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இளையவன் பலகை மேல் கை வைத்தான். “இருந்துட்டுப் போவட்டுமே. உக்கார வசதியா கீது.”

“உக்கார்றதுக்கா படகு வாங்கறோம்? ஊட்லயே பாய் போட்டு உக்காரு” என்றான் பெரியவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உட்கார அல்ல என்பது எனக்குத் தெரியும். வேற்று ஆட்கள் முன்னால் தன் காலைப் பற்றி அவன் வாயால் சொல்ல மாட்டான் என்பதும் தெரியும். நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், சற்றுமுன் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். சொல்லவில்லை. மேஸ்திரி ஆணிகளைப் பிடுங்கினார்.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது படகைப் பெரியவனின் மச்சான் தள்ளிக்கொண்டிருந்தான். இளையவன் மண்டியிட்டுத் தள்ளிப் பார்த்தானாம், வேகம் வரவில்லை. இடுப்பில் கயிறு கட்டிப் பார்த்தானாம், இரண்டு முறை ஏரியில் விழுந்தானாம். பலகையைத் திரும்ப அடித்துவிடலாமே என்று பெரியவனிடம் கேட்டேன்.

“இப்ப எதுக்கு? வலை நேரா எறங்குது. நீ சொன்னது கரெக்ட்டுணா” என்றான்.

இளையவன் வீட்டு வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் எடுத்துவந்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக ஒரு கம்பெனி கட்டுகிறார்கள், கேட்டில் உட்காரும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மனு எழுதித் தர வேண்டும் என்றான்.

பேனாவைத் திறந்தவன் எழுதாமல், “அன்னிக்கு அந்தப் பலகையை எடுக்க வேணாம்னு நான் சொல்லியிருக்கணும்” என்றேன்.

“உனுக்கு இன்னா தெரியும்ணா, உடு.”

“தெரியும். வழியெல்லாம் நீ முட்டுக் கொடுத்துத் தள்ளுனதைப் பாத்துக்கிட்டுதான் வந்தேன்.”

அவன் ஊசியைக் கீழே வைத்தான்.

“நீ பாக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இத்தனை மாதமும் எனக்காக அவன் வைத்திருந்த சமாதானம் அது ஒன்றுதான் என்று புரிந்தது.

என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்தான். “சாய்ங்காலம் வாத்தியாரு வருவாரு. அவராண்ட எழுதிக்கிறேன். நீ சாப்ட்டுட்டுக் கெளம்பு, ரயிலுக்கு நேரமாய்டும்.”

அவனே சோறு போட்டான். அவனுக்கு அந்த வேலை கிடைத்தது. அதையும் பெரியவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.