திருப்பி அனுப்பிய மூன்று தபால்கள்

எங்கள் செருப்புக் கடையை மூடிய பிறகு வீட்டுக் கடனின் தவணை நின்றுபோயிற்று. ஐந்தாம் மாதத்திலிருந்து வங்கியின் பதிவுத் தபால்கள் வரத் தொடங்கின.

"வாங்கிராதட்டி. கையெழுத்துப் போட்டு வாங்குனாத்தான் அவனுவ கேஸ் நடத்த முடியும்" என்றார் என் கணவர். பக்கத்துக் கடை அண்ணாச்சி இப்படித்தான் இரண்டு வருடம் இழுத்தாராம்.

மூன்று முறையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். கிழமையையும் நேரத்தையும் டைரியில் குறித்தேன். மூன்றாவது, ஒரு செவ்வாய், பதினொன்று இருபது. "என்னக்கா, ஆளு முன்னால நின்னுக்கிட்டே ஆளில்லன்னு எழுதச் சொல்லுதீய" என்று தபால்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் ஒரு வியாழக்கிழமை காலை இரண்டு பேர் வந்து, எங்கள் வாசலின் அகலத்தை டேப் பிடித்து அளந்தார்கள். ஒருவர் வீட்டைப் படம் எடுத்தார். "எதுக்கு?" என்றேன். "மதிப்புப் போட" என்று மட்டும் சொன்னார். ஏலத்துக்கு முன்னால்தான் இதைச் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன்.

மறுநாள் பாளையங்கோட்டைக் கிளைக்குப் போனேன். அதிகாரி கோப்பைத் திறந்தார். பிரிக்காத மூன்று உறைகளும் அதில் குத்தி வைக்கப்பட்டிருந்தன.

"வாங்கலைன்னாலும் கொடுத்ததாத்தான் கணக்கும்மா. யாரு சொன்னா உங்களுக்கு?"

மூன்றாவது உறையை அவரே கிழித்து என்னிடம் நீட்டினார். தவணையைக் குறைத்து, கடன் காலத்தை நீட்டித் தர வங்கி தயார். கடிதத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் இருவரும் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்.

விரல் விட்டு எண்ணினேன். அன்று இருபத்தெட்டாவது நாள். மறுநாள் நான்காம் சனி, அதற்கடுத்தது ஞாயிறு; இரண்டும் வங்கி விடுமுறை.

"அப்போ இன்னைக்கு நாலு மணி வரைதான்" என்றார் அதிகாரி.

வீடு எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. என் கணவரோ களக்காட்டில் வாழைக்காய் மண்டியில் வேலைக்குப் போயிருந்தார். அப்போது மணி பன்னிரண்டு பத்து. போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அது நம்மளப் புடிக்கிறதுக்குப் போடுத தூண்டில். கையெழுத்துப் போட்டா கடன ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"கடன நாமதான வாங்கினோம்? வாசல அளந்துட்டுப் போயாச்சு. கெளம்பி வாங்க."

போன் நின்றுவிட்டது. வருகிறாரா இல்லையா என்று தெரியாமல் மூன்றே கால் மணி நேரம் வங்கியின் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மறுபடி அழைக்கவும் பயமாக இருந்தது; வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

மூன்று இருபத்தைந்துக்கு வந்தார். சட்டையெல்லாம் வாழைக்கறை. நான் கையெழுத்துப் போட்டதும் பேனாவை வாங்கினார். அவர் கையெழுத்தின் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

அதிகாரி முத்திரை குத்தினார். "மேலிடத்துக்கு அனுப்புதேன். கையெழுத்து, காகிதம் எல்லாம் பாத்துத்தான் முடிவு சொல்லுவாங்க. அதுவரைக்கும் ஏலம் நின்னுட்டதா நெனச்சிராதீங்க."

வெளியே வந்ததும் என் கணவர் கேட்டார்: "என் கையெழுத்து ஒழுங்கா விழுந்துச்சா?"

"ஒழுங்காத்தான் இருக்கு" என்றேன்.