தூடாவின் நீலச் சறுக்கு வண்டிகள்

எங்கள் ஊருக்குக் கீழே, தேவதாருக் காடு முடிகிற இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெஸ், மெக்னெஸ் நகரத்து ஆட்கள் குடும்பத்தோடு காரில் வந்து அங்கே சறுக்கி விளையாடுவார்கள். அவர்களுக்குச் சறுக்கு வண்டி வாடகைக்கு விட்டவர்களில் தூடாவும் ஒருத்தி.

தூடாவும் நானும் ஒரே வயது. சிறுவயதில் நாங்கள் உரச்சாக்குக்குள் வைக்கோலைத் திணித்து அதன்மேல் உட்கார்ந்து சறுக்குவோம். அவள் மட்டும் ஒவ்வொரு பனிக்கும் புதிதாக எதையாவது இழுத்து வருவாள். ரொட்டி சுடும் தகரத் தட்டு, உடைந்த தொட்டில், ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகை. பலகைக்காக வாத்தியாரிடம் அடி வாங்கினாள். அதைப் போல வேகமாக ஓடியது வேறு எதுவுமில்லை என்று பிற்பாடும் சொல்லிச் சிரிப்பாள்.

காட்டில் மரம் சாய்ந்து அவள் புருஷன் செத்தபோது மகள் மாமாஸ் கைக்குழந்தை. தூடா அந்தக் குளிர்காலமே வண்டி செய்யத் தொடங்கினாள். நீல பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்காக அறுத்து, அடியில் இரண்டு தேவதாருச் சட்டங்களை முடுக்கி, சட்டத்தில் மெழுகுவர்த்தி தேய்ப்பாள். அறுத்த ஓரம் கையைக் கிழிக்காதபடி பழைய சைக்கிள் டியூபை வைத்துத் தைப்பாள். நகரத்துப் பிள்ளைகள் அந்த நீல வண்டிக்குச் சண்டை போடுவார்கள். மாமாஸ் அதில்தான் வளர்ந்தாள். பக்கத்துத் தெரு ஸாயிதைக் கட்டிக்கொண்டு உண்டானபோது, தூடா ஊர் முழுக்கச் சொல்லி வந்தாள்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பனி கொட்டி, ஊரிலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் கிளைப்பாதை இடுப்பளவு மூடிக் கிடந்தது. ஞாயிறு காலையில் மாமாஸுக்கு உதிரம் போகத் தொடங்கியது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, இது தன் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். ஸாயித் போன் செய்தான். கிளைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது, சாலைக்கு இறக்கி வாருங்கள் என்று பதில் வந்தது.

தூடா இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து வைத்துக் கட்டினாள். மேலே மெத்தையைப் போட்டு மகளைப் படுக்க வைத்து, கம்பளிகளால் சுற்றினாள். ஸாயிதும் அண்டை வீட்டு ஆண்களும் முன்னால் கயிற்றைப் பிடித்தார்கள். வண்டி தானாக ஓடிவிடாதபடி தூடாவும் நானும் பின்னால் கயிற்றை இழுத்துப் பிடித்தோம். பாதையில் பனி எங்களை விழுங்கியது. நடுவழியில் மாமாஸ், “அம்மா, குளுருதும்மா” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரிய சாலைக்கு வந்தபோது நாங்கள் கண்டதை நம்ப முடியவில்லை. சாலை கருப்பாக, சுத்தமாகக் கிடந்தது. பனி ஒதுக்கும் லாரி விடியலிலேயே வந்து, எங்கள் பாதை பிரியும் முனையைத் தாண்டிச் சரிவு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. ஒதுக்கிய பனியையெல்லாம் எங்கள் பாதையின் வாயில்தான் குவித்திருந்தது. அந்த மேட்டின் மேல் மாமாஸை வண்டியோடு தூக்கித்தான் கடந்தோம்.

ஆம்புலன்சைக் காணோம். சாலையின் இரு பக்கமும் கார்களை நிறுத்தியிருந்தார்கள், நடுவிலும் கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. கீழே எங்கோ சைரன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் கார்களுக்கு இடையே வண்டியை இழுத்தோம். கையில் தேநீரோடு நின்ற ஒருவர் தூடாவைப் பார்த்துச் சிரித்தார்.

“மெத்தையெல்லாம் போட்டு ஜோரா இருக்கே அக்கா. ஒரு தடவ சறுக்க எவ்வளவு?”

தூடா கம்பளியை விலக்கிக் காட்டினாள். அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனது. தேநீரைக் கீழே போட்டுவிட்டு, காரை எடுங்கள், வழி விடுங்கள் என்று கத்திக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். அவர் நல்லவர். ஆனால் பல கார்களின் சொந்தக்காரர்கள் மேலே சரிவில் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் நின்ற இடம் வரைக்கும் நாங்கள் வண்டியை இழுத்தே போய்ச் சேர்ந்தோம்.

மாமாஸ் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. இனிமேல் பிள்ளை தங்காது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு தூடா எல்லா வண்டிகளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பிழைப்புக்குப் போகிறாள் என்று நினைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மாமாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூடா சரிவுக்குப் போகவில்லை. சாலையின் குறுக்கே நீல வண்டிகளை வரிசையாகப் போட்டு, நடுவில் உட்கார்ந்தாள். கேள்விப்பட்டு நாங்கள் பெண்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். கார்கள் மலையடிவாரம் வரை நின்றன.

அதிகாரி வந்தார். தூடா எழுந்திருக்காமலே கேட்டாள்.

“விளையாட வர்றவங்களுக்கு விடியறதுக்குள்ள ரோட்டுப் பனியத் தள்ளிட்டீங்க. எங்க பாதைக்கு எப்ப ஐயா?”

“திங்கக்கிழம லாரி வரும்மா. எந்திரிங்க, ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நாங்களும் ஜனங்கதான்” என்றாள் தூடா.

திங்கட்கிழமை லாரி வந்தது. அதிகாரிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த பனிக்கு லாரி வரவில்லை. அதற்குப் பதில் ஒரு உத்தரவு வந்தது. வீட்டில் செய்த வண்டிகள் ஆபத்தானவையாம். சரிவுப் பக்கம் கொண்டுவரக் கூடாதாம். காவலர்கள் தூடாவின் வண்டிகளை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். சரிவோரத்துக் காபிக்கடைக்காரர் தொழிற்சாலையில் செய்த சிவப்பு வண்டிகளை வாங்கிவைத்தார். மெல்லிய பிளாஸ்டிக், கல் பட்டால் உடைகிறது.

மாமாஸ் அழவில்லை. “நீ பாதையக் கேட்ட, அவங்க உன் சோத்துல கை வச்சுட்டாங்க” என்று மட்டும் தாயிடம் சொன்னாள். வசந்தத்தில் அவளும் ஸாயிதும் மெக்னெஸுக்குக் குடிபோனார்கள். குளிர்காலத்தில் அவள் ஊருக்கு வருவதேயில்லை.

தூடா இப்போது காபிக்கடையில் கிளாஸ் கழுவுகிறாள். சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் கழுவுவாள். இலையுதிர் காலம் தொடங்கினால் வீடு வீடாகப் போவாள். யார் உண்டாகியிருக்கிறார்கள் என்று கேட்டு, பனி விழுமுன் கீழே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடச் சொல்வாள். கெஞ்சுவாள், திட்டுவாள், மூட்டையைத் தானே கட்டுவாள். பெரும்பாலும் போய்விடுகிறார்கள். டவுனில் யாருமில்லாத பெண்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் தூடா கொடுத்த தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறாள்.